'ஃபைல் மேல போயிருக்கு!' - அலுவலகங்களில் ஒப்புதல் எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது?

மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் அபிராமத்தில் ஒரு வீட்டில், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டியாகிவிட்டது. விண்ணப்ப எண் கையில் இருக்கிறது. கவுன்சலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை வேண்டுமென்றால் அந்தச் சான்றிதழ் கட்டாயம். கடைசித் தேதி நெருங்குகிறது. போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபைல் மேல போயிருக்கும்மா."

மேல என்றால் எங்கே? யாரிடம்? அவர் இப்போது என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார்? எப்போது திரும்பி வரும்?

இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்த அலுவலகத்தில் ஒழுங்கான ஒப்புதல் வரிசை இருக்கிறது என்று அர்த்தம். பதில் சொல்லத் தெரியாத அலுவலகத்தில் கையெழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றன. அரசு அலுவலகம் என்றில்லை, ஐ.டி. கம்பெனியிலும் இதே கதைதான். லீவு லெட்டர், லேப்டாப் வாங்கும் பில், வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய ஒப்பந்தம் என எதுவானாலும் "மேனேஜர்கிட்ட பெண்டிங்" என்ற வரியோடு எத்தனை நாள் கிடக்கிறது என்று உங்கள் மெயிலைத் திறந்து பாருங்கள்.

அபிராமத்திலிருந்து கமுதி வரை

அந்த விண்ணப்பத்தையே பின்தொடர்வோம். அபிராமம் ஒரு பேரூராட்சி. கமுதி வட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் விண்ணப்பம் முதலில் போவது கிராம நிர்வாக அலுவலரிடம். ஊர்க்காரர்களுக்கு வி.ஏ.ஓ. அவரிடம் இருக்கும் கேள்வி இது: இந்தக் குடும்பம் இங்கே குடியிருக்கிறதா, சொல்லியிருப்பது உண்மையா? அடுத்து வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ. வி.ஏ.ஓ. கொடுத்த அறிக்கை சரிதானா என்பது அவருடைய கேள்வி. பிறகு கமுதி வட்டாட்சியர் அலுவலகம். இணைத்திருக்கும் ஆவணங்கள் விதிமுறைக்குப் பொருந்துகின்றனவா, சான்றிதழ் தரலாமா என்று அங்கே முடிவாகிறது. டிஜிட்டல் கையொப்பத்தோடு சான்றிதழ் வெளியே வருகிறது.

மூன்று படி, மூன்று வெவ்வேறு கேள்வி. வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவருக்கு அபிராமத்தில் எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. வி.ஏ.ஓ.வுக்கு அரசாணை எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. யாருக்கு எது தெரியுமோ, அதை மட்டும் அவரிடம் கேட்கிறது இந்த வரிசை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே இடத்தில் முடிவதில்லை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் துணை வட்டாட்சியர் நிலையிலேயே முடிந்துவிடும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் வழங்க வேண்டும். பழங்குடியினருக்கு வட்டத்தையும் தாண்டி வருவாய்க் கோட்ட அலுவலர் வரை போகும். கமுதி வட்டத்துக்கு அது பரமக்குடி. விண்ணப்பப் படிவம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் தகவலைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. மென்பொருள் விற்பவர்கள் 'கண்டிஷனல் ரூட்டிங்' என்று பெரிய பெயர் வைத்து விற்பது இதைத்தான்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே வருகிறது? பெரும்பாலும் படிகளில் இல்லை. படிகளுக்கு இடையில் வருகிறது. ஒரு வி.ஏ.ஓ.விடம் பக்கத்து ஊரும் கூடுதல் பொறுப்பாக இருக்கும். ஒருவர் மாற்றலாகிப் போய், அடுத்தவர் இன்னும் பொறுப்பேற்காமல் இருப்பார். அல்லது 'ஆவணம் தெளிவில்லை' என்று ஒற்றை வரியில் விண்ணப்பம் திரும்பி வரும். எந்த ஆவணம், என்ன தெளிவில்லை என்று இருக்காது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. எந்த நிறுவனத்துக்கு ஒப்புதல் வரிசை அமைத்தாலும் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டைகள் இவைதான்.

கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்த டிராக்கிங்

அரசு ஃபைல் என்றாலே தூசியும் சிவப்பு நாடாவும் நினைவுக்கு வரும். ஆனால் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி அந்தத் தூசிக்குள்தான் முதலில் உருவானது. சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் 'டாட்டன்ஹாம் முறை' என்ற அலுவலக நடைமுறை வந்தது. கலெக்டர் ஆபீசிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை அதன் தடம் இன்றும் இருக்கிறது.

அதன் அடிப்படை எளிது. வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு எண். எந்த எழுத்தரிடம் எது போனது என்று பகிர்மானப் பதிவேட்டில் பதிவு. ஒவ்வொரு எழுத்தரும் தன்னிடம் உள்ள கடிதங்களுக்குத் 'தன்பதிவேடு' வைத்திருப்பார். எப்போது வந்தது, என்ன செய்தேன், யாருக்கு அனுப்பினேன், எப்போது முடிந்தது எல்லாம் அதில் இருக்கும். மேலதிகாரி குறிப்பிட்ட இடைவெளியில் அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பார். எது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இன்று நாம் 'டாஷ்போர்டு' என்று சொல்வது அந்த நீளமான நோட்டுதான்.

அரசுக் கடிதங்களின் தலைப்பில் 'ஓ.மு.', 'மூ.மு.' என்று பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு. ஒரு விஷயம் முடிந்த பிறகு அந்தக் காகிதத்தை எத்தனை காலம் பாதுகாக்க வேண்டும் என்பதையும், முடிக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். ஒப்புதல் கிடைத்ததோடு ஆவணத்தின் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்முடைய கூகுள் டிரைவில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் லேட்டஸ்ட்' என்று குவிந்து கிடப்பதைப் பார்த்தால், நமக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் மென்பொருளிலும் பழைய மூளை அப்படியே இருக்கிறது. அதில் குறிப்பு எழுத இரண்டு நிறம். மஞ்சள் குறிப்பு வரைவு; திருத்தலாம், வேண்டாமென்றால் நீக்கலாம். பச்சை ஆகிவிட்டால் அனுப்பிய பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பச்சைத் தாளில் குறிப்பு எழுதிய காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி இது. மேலே இருப்பவர் சம்மதிக்கவில்லை என்றாலும், கீழே இருப்பவர் எழுதிய குறிப்பை அழிக்க முடியாது. அதற்குக் கீழே தன் கருத்தை எழுதலாம், அவ்வளவுதான். யார் எப்போது என்ன சொன்னார் என்று பத்து வருடம் கழித்தும் கேட்க முடிவது இதனால்தான்.

படிகள் கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதும் அரசுக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு ஃபைல் ஆறு, ஏழு பேரைக் கடந்து போகும் நிலையில், மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2021-ல் ஒரு முயற்சியைத் தொடங்கியது: முடிவெடுக்கும் பாதையில் நான்கு நிலைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏழு பேர் பார்த்தால் ஏழு மடங்கு பத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தப்பு என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது.

மூன்று பேர் ஓகே சொன்ன 90 கோடி டாலர்

2020 ஆகஸ்ட் 11. அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அந்த நிறுவனத்தின் சார்பில் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. தொகை சுமார் 78 லட்சம் டாலர். ஆனால் வட்டியோடு சேர்த்து, கடனின் மொத்த அசலும் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து போய்விட்டது. கிட்டத்தட்ட 90 கோடி டாலர்.

அந்த வங்கியில் ஒப்புதல் முறை இல்லாமல் இல்லை. பதிவு செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், இறுதி ஒப்புதல் தரும் உயர் அதிகாரி ஒருவர் என்று மூன்று பேர் பார்த்தாக வேண்டும். 'ஆறு கண்' முறை என்றே அதற்குப் பெயர். மூன்று பேரும் பார்த்தார்கள், மூன்று பேரும் சரி என்றார்கள். மென்பொருள் திரையில் மூன்று பெட்டிகளை டிக் செய்திருந்தால்தான் அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்குக்குத் திரும்பும். ஒன்றை மட்டும் டிக் செய்தால் போதும் என்று மூவருமே நினைத்துவிட்டார்கள்.

பணம் வாங்கியவர்களில் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரைக் கொடுக்க மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அந்தத் தீர்ப்பு மாறியது. இரண்டு வருடம் ஒரு வங்கி தன் சொந்தப் பணத்துக்காகக் கோர்ட் படியேறியது.

நம் அலுவலகங்களுக்கு இதில் இருக்கும் பாடம், 'இன்னும் கவனமாகப் பாருங்கள்' என்பது இல்லை. மூன்று பேரிடமும் ஒரே கேள்வியை, ஒரே திரையை வைத்துக் கேட்டார்கள். முதல் ஆள் தவறாகப் புரிந்துகொண்டதை இரண்டாவது ஆளும் அதே கண்ணால் பார்த்தார். முன்னாடி ரெண்டு பேர் பார்த்தாச்சே என்ற தைரியம் மூன்றாவது ஆளுக்கு வந்துவிடுவது மனித இயல்பு. 'இந்தப் பட்டனை அழுத்தினால் வங்கியை விட்டு வெளியே போகும் மொத்தத் தொகை எவ்வளவு?' என்ற ஒரே ஒரு வேறு கேள்வி, ஒருவரிடமாவது, தெளிவான எண்ணாகக் காட்டிக் கேட்கப்பட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

அபிராமத்து விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மூன்று பேரிடமும் மூன்று வேறு கேள்வி.

ஒரு மிளகாய்க் கம்பெனிக்கு அமைத்துப் பார்ப்போம்

ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் மானாவாரியில் விளையும் உருண்டை மிளகாய். அபிராமத்தில் 30 பேர் வேலை பார்க்கும் ஒரு வத்தல் வியாபார நிறுவனம் இருப்பதாக ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். விவசாயியிடம் வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது.

சீசனில் ஒரு நாள். விவசாயி மூட்டைகளை இறக்குகிறார். எடை போடுபவர் சீட்டு எழுதுகிறார். தரம் பார்ப்பவர் நிறம், ஈரம் பார்த்து ரகம் சொல்கிறார். விலை போடுவது முதலாளி. பில் போடுவது அக்கவுன்டன்ட். பேங்கில் பணம் அனுப்புவது மறுபடியும் முதலாளி. அன்றைக்குப் பார்த்து முதலாளி விருதுநகர் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். போன் எடுக்கவில்லை. விவசாயி சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "அண்ணாச்சி, அய்யா வந்தாத்தான் காசு" என்கிறார் அக்கவுன்டன்ட். அடுத்த வாரம் அந்த விவசாயி வேறு கடைக்குப் போய்விடுவார். நட்டம் எந்தக் கணக்கிலும் எழுதப்படாது, ஆனால் நட்டம்தான்.

இங்கே ஒப்புதல் வரிசை அமைக்க வேண்டுமென்றால் முதலில் செய்யக் கூடாதது, மென்பொருள் வாங்குவது. முதலில் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, கடைசியாக வந்த பத்து பில்கள் உண்மையில் யார் யார் கையைக் கடந்து போயின என்று எழுதுங்கள். 'எப்படிப் போக வேண்டும்' என்று எழுதக் கூடாது, 'எப்படிப் போனது' என்றுதான் எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டும் வேறு. எழுதிய பிறகு ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்.

எடை போடுபவர்: எத்தனை கிலோ? தரம் பார்ப்பவர்: எந்த ரகம்? விலை போடுபவர்: இன்றைய விலை என்ன? அக்கவுன்டன்ட்: சீட்டும் பில்லும் ஒத்துப்போகிறதா, வங்கிக் கணக்கு இந்த விவசாயியுடையதுதானா? பணம் விடுவிப்பவர்: மொத்தத் தொகை சரியா?

சிலர் பெயருக்கு எதிரில் எழுதக் கேள்வியே கிடைக்காது. "அவர் சீனியர், அவரும் பார்க்கணும்" என்பார்கள். அவரை ஒப்புதல் வரிசையிலிருந்து எடுத்து, தகவல் மட்டும் போகும் பட்டியலில் வைத்துவிடலாம். இந்த ஒரு மாற்றமே பல அலுவலகங்களில் பாதி நாளை மிச்சப்படுத்தும். கொஞ்சம் மனவருத்தம் வரும். அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும், எந்த ஆப்பும் உதவாது.

இன்னொன்றும் கண்ணில் படும். முதலாளி தினமும் விலை போடுவது தவிர்க்க முடியாததா? காலையிலேயே ஒவ்வொரு ரகத்துக்கும் அன்றைய விலையை அறிவித்துவிட்டால், ஒவ்வொரு பில்லுக்கும் அவரைத் தேட வேண்டியதில்லை. அறிவித்த விலைக்கு மேலே கேட்கும் சரக்கு மட்டும் அவரிடம் போகட்டும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் அனுமதி கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு விதிக்கு ஒருமுறை அனுமதி கொடுப்பது இது. தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று கட்டட அனுமதியும் இதே வழிதான். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள், விதிப்படிதான் கட்டுகிறோம் என்று தாங்களே சான்றளித்து ஆன்லைனில் உடனடியாக அனுமதி பெறலாம். அபிராமம் போன்ற பேரூராட்சியிலும் சின்ன வீட்டுக்காக ஃபைல் மேசை மேசையாக நகர வேண்டியதில்லை.

எந்தத் தொகைக்கு யார்?

வழக்கமாகத் தொகையை வைத்துப் பாதையைப் பிரிப்பார்கள். 50,000 ரூபாய் வரை மேனேஜரே முடித்துவிடலாம், அதற்கு மேல் முதலாளி என்று வைத்துக்கொள்வோம். நல்ல முறைதான். ஆனால் இந்த விதி வந்த அடுத்த மாதமே 49,000 ரூபாய் பில்கள் அதிகமாக வர ஆரம்பிக்கும். 98,000 ரூபாய் பில் இரண்டாக உடைந்து வரும். எப்போதும் திருட்டு என்று சொல்ல முடியாது. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்ற அவசரமாகவும் இருக்கலாம். அதனால் வரம்பைப் பில்லுக்கு வைக்காமல், 'ஒரே ஆளுக்கு ஒரே நாளில் போகும் மொத்தத் தொகை' என்று வைப்பது புத்திசாலித்தனம்.

பதிவு செய்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வங்கிகளில் 'மேக்கர்-செக்கர்' என்பார்கள். நிறுவனக் கணக்குகளுக்கான நெட் பேங்கிங்கில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது; ஒருவர் பதிந்து, இன்னொருவர் விடுவிக்கலாம். பல சின்ன நிறுவனங்களில் இரண்டு பாஸ்வேர்டும் ஒரே அக்கவுன்டன்ட்டின் டைரியில் எழுதப்பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

பின்வாசல்: 'ஓகே சார்'

முன்வாசலில் எத்தனை பூட்டு போட்டாலும் பின்வாசல் திறந்திருந்தால் என்ன பிரயோஜனம்? 2018 பிப்ரவரியில் வெளியே வந்த பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடியில் நடந்தது அதுதான். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வெளிநாட்டுக் கடன்களுக்கான உத்தரவாதக் கடிதங்கள் 'ஸ்விஃப்ட்' தகவல் அமைப்பு வழியாகப் போயின. வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் அவை பதிவாகவே இல்லை. இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் இருந்தன. கணக்கில் தெரியாத கடிதங்கள் மேல் கடிதங்களாகச் சேர்ந்து, 13,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதன் பிறகுதான் இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு விதித்தது.

நம் அலுவலகங்களின் பின்வாசல் வாட்ஸ்அப். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினால், மறுபக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் எமோஜி. அதுதான் ஒப்புதல். எதற்கு, எந்தப் பில்லுக்கு, எந்தத் தொகைக்கு என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் போனும் மாறியிருக்கும்.

எமோஜி தானே, அதுக்கென்ன மதிப்பு என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2021-ல் ஒரு தானிய நிறுவனம், 87 டன் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் எமோஜி போட்டார். சரக்கு வரவில்லை, அதற்குள் விலையும் ஏறிவிட்டது. 'ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் சொல்லவில்லை' என்றார் விவசாயி. 2023-ல் நீதிமன்றம் அந்த எமோஜியைக் கையெழுத்தாகவே ஏற்று, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. அது கனடா சட்டம், இங்கே அப்படியே செல்லாது. ஆனால் ஒரே எமோஜிக்கு அனுப்பியவர் ஒரு அர்த்தமும் வாங்கியவர் ஒரு அர்த்தமும் வைத்துக்கொள்வது எல்லா ஊருக்கும் பொது.

அதற்காக வாட்ஸ்அப்பையே தடை செய்தால் வேலை நடக்காது. அவசரத்துக்கு அங்கே கேட்கட்டும். ஆனால் அன்றைக்கே பதிவேட்டில் ஏறாத ஒப்புதலுக்குப் பணம் போகாது என்று ஒரு விதி போதும்.

லீவு போட்டால்?

ஒப்புதல் வரிசை உடையும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு படிக்கும் பெயர் போட்ட மாற்று ஆள் ஒருவர் வேண்டும். 'யாராவது பார்த்துக்குங்க' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த மாற்று ஆள், முன்படியில் அதே ஆவணத்தைப் பதிவு செய்தவராக இருக்கக் கூடாது. முப்பது பேர் உள்ள இடத்தில் இது கொஞ்சம் கஷ்டம். ஐந்து பேர் உள்ள இடத்தில் ரொம்பவே கஷ்டம். அப்படிப்பட்ட இடங்களில் முதலாளி வாரம் ஒருமுறை வங்கி ஸ்டேட்மென்டை நேரடியாக வங்கியிலிருந்தே எடுத்துப் பார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அக்கவுன்டன்ட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததைப் பார்ப்பது கணக்கில் வராது.

ஒவ்வொரு படிக்கும் கெடுவும் வேண்டும். கெடு முடிந்தால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தானாக ஒப்புதல் ஆகிவிடுமா, மாற்று ஆளுக்குப் போகுமா, மேலே ஒருவருக்கு எச்சரிக்கை போகுமா? லீவு விண்ணப்பத்துக்குத் தானாக ஒப்புதல் கொடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. பணம் போகும் விஷயத்திலும், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்திலும் அது கூடவே கூடாது. மாற்று ஆளுக்குத்தான் போக வேண்டும்.

'திருப்பி அனுப்புதல்', 'நிராகரித்தல்' இரண்டையும் ஒரே பட்டனில் வைக்காதீர்கள். முதலாவது 'சரி செய்து கொண்டு வா', இரண்டாவது 'முடியாது'. இரண்டுக்கும் காரணம் எழுதாமல் பட்டன் வேலை செய்யக் கூடாது. "ஆவணம் தெளிவில்லை" என்று எழுதினால் போதாது. "ரேஷன் கார்டின் இரண்டாம் பக்கம் மங்கலாக இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்யவும்" என்று எழுத வேண்டும். முன்னதைப் படித்தவர் மூன்று முறை அலைவார். பின்னதைப் படித்தவர் ஒரே முறையில் முடிப்பார்.

இன்னொரு முக்கியமான விஷயம்: ஒப்புதல் கிடைத்த பிறகு ஆவணத்தில் ஒரு எண் மாறினாலும் பழைய ஒப்புதல்கள் ரத்தாக வேண்டும். 40 மூட்டைக்கு ஓகே வாங்கிவிட்டு 46 என்று திருத்தினால், ஓகே சொன்னவர் எதற்கு ஓகே சொன்னார்? கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு, கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது நடந்தது என்ற தடத்தோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்து வைக்கவும் முடியாததாக இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டேலியில் வந்த 'எடிட் லாக்' வசதி இந்தத் தேவைக்குத்தான். கூட்டாண்மைக் கடைகளுக்கும் தனிநபர் தொழிலுக்கும் இந்த விதி கிடையாது. ஆனாலும் வசதி இருக்கும்போது ஆன் செய்து வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

எந்த ஆப்?

இந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். மாதம் ஐம்பது, நூறு ஆவணங்கள் மட்டுமே நகரும் இடத்துக்கு ஒரு கூகுள் ஃபார்மும் அதன் பின்னால் ஒரு ஷீட்டும் தாராளமாகப் போதும். எண், தேதி, யாரிடம் இருக்கிறது, எப்போது அங்கே போனது, முடிவு, காரணம் என்று ஆறு பத்திகள். தன்பதிவேட்டின் இன்றைய வடிவம், அவ்வளவுதான். ஷீட்டில் யார் வேண்டுமானாலும் யாருடைய வரியையும் திருத்த முடியும் என்பது இதன் பலவீனம். திருத்தும் உரிமையைப் பூட்டி வைக்க வேண்டும்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட், ஜோஹோ கிரியேட்டர் போன்றவற்றில் ஒப்புதல் பாதைகளை வரைந்துகொள்ளலாம். எதை வாங்கினாலும் டெமோ காட்ட வருபவரிடம் கேட்க வேண்டியவை: ஆள் லீவு போட்டால் ஃபைல் எங்கே போகும்? ஒப்புதலுக்குப் பின் திருத்தினால் என்ன ஆகும்? மொத்தப் பதிவையும் எக்செல் ஃபைலாக எடுத்துக்கொண்டு நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக முடியுமா? விண்ணப்பம் போட்டவருக்கு, அது யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று போனிலேயே தெரியுமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும், கவுன்சலிங் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவிக்கும் வேண்டியது அது ஒன்றுதான்.

எல்லா வகை ஆவணங்களையும் ஒரே நாளில் புது முறைக்கு மாற்ற வேண்டாம். அதிகமாகத் தாமதமாகும் ஒன்றை மட்டும், கொள்முதல் பில் என்று வைத்துக்கொள்வோம், எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் ஷீட்டைத் திறந்து இரண்டே விஷயம் பாருங்கள். முதலாவது, எந்தப் படியில் அதிக நாள் காத்திருந்தது. இரண்டாவது, எந்தப் படி ஒரு ஆவணத்தைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து ஒன்றைக்கூடத் திருப்பாத படி இருந்தால், அதில் இருப்பவரிடம் கடைசியாக ஓகே சொன்ன பில்லில் எத்தனை மூட்டை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சொல்லிவிட்டால் அந்தப் படி இருக்கட்டும்.